பனிக்காலத்து வெளிச்சம்: ஓமலூர்ச் சமவெளியும் புகைப்படக் கருவியும்

சேலம், நாமக்கல் சமவெளியின் குளிர்காலத்தில் தண்ணீர் உறைவதுமில்லை, மலை வெளுப்பதுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பின் மார்கழியிலும் தையிலும் இரவு வெப்பநிலை 18, 19 பாகை செல்சியஸ் வரை இறங்குவதும், விடியற்காலையில் வயல்களின் மீதும் ஏரிகளின் மீதும் மூடுபனி படர்ந்து, வெயில் ஏறியதும் கலைந்து போவதுமே இங்குள்ள பனிக்காலம். சேலத்துக்கு வடமேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், சரபங்கா நதியை ஒட்டி அமைந்த ஓமலூரில் இந்தப் பருவம் சற்றுக் கூடுதலாகவே உணரப்படுகிறது. கிழக்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் சேர்வராயன் மலையின் சரிவுகளில் இரவில் கனத்துக் குளிரும் காற்று மெல்லக் கீழிறங்கி, ஈரம் நிறைந்த நன்செய் நிலங்களின் மேல் தங்குவதே அதற்குக் காரணம். இவ்வளவு மிதமான குளிருக்கும் புகைப்படத்துக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழக்கூடும். ஆனால் இந்தச் சமவெளியும் அதைச் சூழ்ந்த கோட்டைகளும் குன்றுகளும் எந்த மாதங்களில் படமெடுக்கப்பட்டன, படத்தில் எவை பதிந்தன, எவை பதியாமல் போயின என்று ஆராயும்போது, கலைஞரின் விருப்பத்தைக் காட்டிலும் தட்பவெப்பமும் வேதியியலுமே பலவற்றை முடிவு செய்திருப்பது தெரியவருகிறது.

புகைப்படத்துக்கு முந்திய ஓவியர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர்கள், சிற்றப்பனும் அண்ணன் மகனுமான இருவர், 1792 ஏப்ரலில், அதாவது பங்குனி வெயில் முற்றிச் சித்திரை தொடங்கும் வேளையில், சென்னையிலிருந்து புறப்பட்டு பாராமகால் எனப்பட்ட மலைக்கோட்டை நாட்டின் வழியே பயணம் செய்தனர். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் பெரும்பகுதி அந்நாளில் இப்பெயரால் வழங்கியது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், அதே ஆண்டில், திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியிருந்தன. தாரமங்கலத்துக் கெட்டி முதலிகளின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஓமலூர்க் கோட்டையும் அவ்வாறு கைமாறிய இடங்களுள் ஒன்று. புதிதாகக் கிடைத்த நாட்டின் தோற்றத்தைக் காணும் ஆவல் இங்கிலாந்தில் மிகுந்திருந்தது. ராயக்கோட்டை முதலிய குன்றுகளை டேனியல்கள் வரைந்த காட்சிகள், 1797-இல் வெளிவந்த அவர்களது அச்சுத் தொகுதியில் இடம்பெற்றன. இருட்டுப் பெட்டியின் துளையில் பொருத்திய ஆடி வழியே வெளிக்காட்சியைத் தாளில் விழச்செய்து, அதன் கோடுகளைப் பென்சிலால் ஒற்றியெடுக்கும் கருவியை அவர்கள் பயன்படுத்தியதுண்டு. பிற்காலப் புகைப்படக் கருவியின் உடலமைப்பு முழுவதும் அதில் இருந்தது. இல்லாதது ஒளியைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருள் மட்டுமே. அந்த ஒன்று இல்லாததால்தான் அவர்களால் சித்திரை வெயிலில் அலைந்து வேலை செய்ய முடிந்தது.

வேதிப்பொருளோடு இந்நாட்டுக்கு வந்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய இவர், விடுமுறையில் தாய்நாடு சென்றிருந்த காலத்தில் புகைப்படம் கற்றார். 1854 டிசம்பரில் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படமெடுத்தார். 1855-இல் பர்மா அரசரிடம் சென்ற தூதுக் குழுவுடன் போய் அங்கும் படமெடுத்தார். கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் ஓவியர்களைக் கொண்டு வரையச்செய்வதை விடப் புகைப்படமாக எடுப்பது செலவு குறைந்தது, நம்பத்தக்கது என்று கம்பெனியின் இயக்குநர்கள் கருதத் தொடங்கிய காலம் அது. சென்னை அரசு டிரைப்பைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். சேலம் மாவட்டம், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நீண்ட அப்பயணத்தின் படங்கள் 1858-இல் தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் தொகுதி. ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பினும் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மேட்டுநிலத்திலிருந்து சேலத்துக்கு இறங்கும் பழைய பாதை தர்மபுரி, தொப்பூர்க் கணவாய், ஓமலூர் என்ற ஒழுங்கில்தான் செல்கிறது.

டிரைப் மார்கழியில் புறப்பட்டதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அவர் பெரும்பாலும் கையாண்டது தாள் நெகட்டிவ். உயர்ந்த ரகத் தாளில் மெழுகை ஏற்றி அதன் இழைகளை ஒளி ஊடுருவும்படி செய்து, அயோடைடு கரைசலிலும் பின்னர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலிலும் நனைத்து, கருவிக்குள் வைத்து ஒளிகாட்டி, காலிக் அமிலத்தில் இட்டு உருவை வெளிக்கொணரும் முறையை 1851-இல் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே வகுத்திருந்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஈரக் கண்ணாடித் தகடு முறை இதைவிடக் கூர்மையான படம் தந்தது என்பது உண்மைதான். ஆனால் அம்முறையில் தகட்டின் மேல் பூசும் கொலோடியன் என்னும் பசை ஈதரிலும் சாராயத்திலும் கரைந்தது. நம் நாட்டு வெயிலில் ஈதர் நிமிடங்களில் ஆவியாகித் தகடு காய்ந்துபோகும், காய்ந்த தகடு ஒளியை ஏற்காது. மெழுகுத்தாளையோ முன்கூட்டியே பல நாள்களுக்குத் தயாரித்து வைத்துக்கொள்ளலாம். ஆயினும் அந்தப் பல நாள்கள் என்ற கணக்கு ஐரோப்பியக் குளிருக்குரியது. சூடு ஏற ஏற, ஒளியே படாத நிலையிலும் வெள்ளி உப்புகள் தாமாகச் சிதைந்து தாள் பழுப்பேறும். உருவைத் தோற்றுவிக்கும் கரைசல் கட்டுமீறி வேலை செய்து, படம் முழுவதும் கருமூட்டமாகிவிடும். சித்திரையில் வீணாகும் தாள் மார்கழியில் பிழைத்தது.

நீரும் இதே பருவத்தையே சுட்டியது. ஒவ்வொரு நெகட்டிவையும் ஒவ்வொரு பிரதியையும் பலமுறை அலச வேண்டும். டிரைப்பின் நெகட்டிவ்கள் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குல அளவுள்ளவை என்பதால் அதற்கேற்ற தொட்டிகளும் குடம் குடமாக நீரும் தேவைப்பட்டன. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு ஏரிகளும் கிணறுகளும் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களை விட்டால், சரபங்கா போன்ற மழைக்கால ஆறுகள் ஓடும் இந்நாட்டில் கலங்காத நீர் வேண்டிய மட்டும் கிடைப்பது அரிது. அரசு அலுவலர்கள் கூடாரங்களோடு மாவட்டத்தைச் சுற்றிவரும் காலமும் இதுவே என்பதால், வண்டியும் ஆளும் தங்குமிடமும் எளிதில் அமைந்தன.

மூன்றாவது காரணம் வெளிச்சத்தின் சாய்வு. ஓமலூர் வட அட்சம் 11.7 பாகைக்கு அருகில் உள்ளது. எனவே ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்க, ஆளின் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடுகிறது. டிசம்பர் 21 வாக்கில் அதே நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து அடிவானத்திலிருந்து 55 பாகை உயரத்திலேயே நிற்பதால், ஆறடி ஆளுக்கு நான்கடிக்கு மேல் நிழல் விழுகிறது. காலையிலும் மாலையிலும் அது இன்னும் பல மடங்கு நீளும். பாறையின் மடிப்பையும் கோட்டைச் சுவரின் கல்வரிசையையும் தூணின் செதுக்கலையும் படத்தில் எடுத்துக்காட்டுவது இந்தப் பக்க வெளிச்சம்தான். டிரைப்பின் கோட்டைப் படங்களிலும் கோயில் படங்களிலும் கல்லின் சொரசொரப்பைக் கண்ணாலேயே தொட்டுவிடலாம் போலிருப்பதற்கு அவருடைய பயிற்சிக்குச் சமமான பங்கு இந்தச் சாய்ந்த சூரியனுக்கும் உண்டு.

இத்தனை இருந்தும், பனிக்காலத்தில் எடுத்த அப்படங்களில் பனிக்காலம் இல்லை. மூடுபனி இல்லை, குளிருக்குப் போர்த்திய ஆள் இல்லை, தெருவில் நடமாட்டம் இல்லை. மனிதர் இல்லாமைக்குக் காரணம் எளிது: தாள் நெகட்டிவுக்கு நிமிடக் கணக்கில் ஒளிகாட்ட வேண்டியிருந்தது, அவ்வளவு நேரமும் அசையாது நின்றவை மட்டுமே பதிந்தன, நடந்தவர்கள் தடயமின்றி மறைந்தார்கள். மூடுபனி இல்லாமைக்குக் காரணம் சற்று நுட்பமானது. அக்கால வெள்ளி உப்புகள் நீல ஒளியையும் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியையும் மட்டுமே உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு இருளே. காற்றிலுள்ள ஈரமும் தூசியும் சிதறடிக்கும் ஒளியில் நீலமே மிகுதி என்பதால், நம் கண்ணுக்கு மெல்லிய திரையாகத் தோன்றும் காலைப்பனி அத்தகடுகளுக்குக் கெட்டியான வெள்ளைச் சுவராகத் தோன்றிற்று. பின்னாலிருக்கும் மலை அடியோடு காணாமல் போகும். ஆகவே பனி முழுவதும் விலகி, காற்று தெளியும் வரை காத்திருந்து படமெடுப்பதே அன்றைய தொழில்நெறி. வானமும் இதே காரணத்தால் வெற்று வெள்ளையாகவோ கறை படிந்தாற்போலவோ வந்தது. டிரைப் பல நெகட்டிவ்களின் மேல் வண்ணம் தீட்டி வானத்தைச் சீராக்கினார், சிலவற்றில் மேகங்களையும் வரைந்து சேர்த்தார். அவர் படத்திலுள்ள மேகத்தைப் பார்த்து அன்றைய வானிலையை ஊகிப்பவர் ஏமாந்துபோவார் என்பது இக்காலத்து ஆய்வாளர் மறக்கக்கூடாத செய்தி.

சேலத்துக்கும் ஓமலூருக்கும் இடையிலுள்ள நிலம் இந்த நிறக்குருட்டுத் தகடுகளுக்குப் பெருஞ்சோதனை. வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட்டுக் கனிமம் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இக்கரடுகளை ஆங்கிலேயர் சுண்ணாம்புக் குன்றுகள் என்றே அழைத்தனர். அவற்றைச் சுற்றியிருப்பதோ செம்மண். செம்மண் மைக்கருப்பாகவும் வெள்ளைக்கல் வெறும் வெளுப்பாகவும் பதியும் தகட்டில் இந்நிலத்தின் இடைநிறங்கள் தங்குவதில்லை. நிறங்களை உணரவைக்கும் சாயத்தை வெள்ளி உப்போடு சேர்க்கலாம் என்று ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோகல் 1873-இல் கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. மூடுபனிக்குப் பின்னால் மங்கிய மலையை மங்கிய மலையாகவே காட்டும் ஆற்றல், மஞ்சள் வடிகட்டியோடு சேர்ந்து, அதன் பிறகுதான் புகைப்படக்காரர் கைக்கு வந்தது. பனிமூட்டத்தின் அழகைக் காணும் கண் இந்நாட்டில் எக்காலத்திலும் இருந்தது. இல்லாதிருந்தது அதைக் காணும் தகடு.

டிரைப்பின் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், அரசின் நிதி நெருக்கடியில் புகைப்படம் தாங்கமுடியாத ஆடம்பரம் என்று கருதி அப்பிரிவை மூடச்செய்தார். சேமித்த தொகையை எண்ணிப்பார்த்தால் அது மிக விலையுயர்ந்த சிக்கனம் என்றே சொல்ல வேண்டும். அரசின் செலவில் மாவட்டம் மாவட்டமாகப் படமெடுக்கும் முறையான முயற்சி அத்துடன் அறுந்தது. எனினும் விதை அழியவில்லை. மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில் புகைப்படம் பாடமாயிற்று. டிரைப்பிடம் தொழில் பயின்ற சி. ஐயாசாமி பின்னர் அப்பள்ளியில் பிறருக்குக் கற்பித்தார். தமிழகத்தில் புகைப்படத்தின் வரலாற்றை எழுதுவோர் டிரைப்புக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியையாவது ஐயாசாமிக்குத் தரவேண்டும்.

1871-இல் ரிச்சர்டு மேடாக்ஸ் முன்வைத்து, அடுத்த பத்தாண்டுக்குள் கடைகளில் விற்பனைக்கு வந்த ஜெலட்டின் உலர்தகடு, ஈரத்தகட்டின் தொல்லையைப் போக்கியது. ஆனால் வெயிலின் தொல்லையை வேறுருவில் கொண்டுவந்தது. ஜெலட்டின் என்பது விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் காய்ச்சியெடுக்கும் பசை. குளிர்ந்தால் இறுகும், சூடானால் இளகும். படம் கழுவும் நீர் 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய நூல்களின் விதி. சேலம் சமவெளியில் கோடையில் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தாண்டும். அந்நீரில் இட்ட தகட்டின் ஓரத்தில் பசை சுருக்கம் விழுந்து மடிப்பு மடிப்பாகக் கழன்று, சில வேளைகளில் படமே நீரில் மிதக்கும். படிகாரக் கரைசலில் தோய்த்துப் பசையை இறுக்குவதும், பனிக்கட்டி கிடைத்த ஊர்களில் அதைத் தொட்டியைச் சுற்றி வைப்பதும், பின்னிரவில் எழுந்து கழுவுவதும் இத்தொழிலின் வழக்கங்களாயின. ஆழ்கிணற்று நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருப்பதால் அது அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை; மார்கழி இரவில் மண்பானையில் ஊற்றிவைத்த நீரே, நூல் சொல்லும் அளவுக்கு எந்தச் செலவுமின்றித் தானாக வந்து நின்றது.

குளிர்நாடுகளின் அனுபவம் இதற்கு நேர் மாறானது. இமயமலையில் 1860-களில் படமெடுத்த சாமுவேல் போர்ன், 1866-இல் சுமார் 18,600 அடி உயரமுள்ள மணிராங் கணவாய் வரை ஏறிச்சென்றார். அங்கெல்லாம் குளிர் மிகுந்தால் வேதிவினை மந்தமாகிப் படம் தோன்றுவதே தாமதமாகும், கைவிரல்களும் மரத்துப்போகும். அங்கே புகைப்படக்காரர் குளிரோடு போராடினார். இங்கே குளிருக்காகக் காத்திருந்தார். தமிழகத்துக்குள் இந்தக் காத்திருப்பு தேவைப்படாத இடம் நீலகிரி. ஏ. டி. டபிள்யூ. பென் உதகமண்டலத்தில் பல பத்தாண்டுகள் தொழில் நடத்தியதற்கு ஆங்கிலேய வாடிக்கையாளர்களோடு அந்த மலையின் தட்பமும் துணைநின்றது. நூறாண்டு கழித்து இதே தட்பமே ஒரு தொழிற்சாலையின் இடத்தையும் முடிவு செய்தது: 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மைய அரசு நிறுவனம், தூசியற்ற குளிர்ந்த காற்றை நாடியே உதகமண்டலத்தில் அமைந்தது. ஃபிலிமின் மேல் பூசிய இளஞ்சூட்டுப் பசை உடனே இறுகவேண்டும் என்பதால் குளிர் அங்கே மூலப்பொருளுக்கு ஒப்பானது. ‘இந்து’ என்ற பெயரில் விற்ற அதன் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் அச்சுத்தாளும் சமவெளி ஊர்களின் ஸ்டூடியோக்களுக்கு இறங்கிவந்தன.

சேலத்துக்கே உரிய இன்னொரு நிறுவனத்தையும் இங்கே குறிப்பிடவேண்டும். டி. ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் ஏற்காடு சாலையில், சேர்வராயன் மலையடியில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஒரே வளாகத்துக்குள் படத்தை முழுமையாக முடிக்கும் வசதிகளோடு இயங்கி, 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை வெளியிட்டது. திரைப்படம் இக்கட்டுரையின் பொருளன்று. ஆயினும் ஒளியையும் ஃபிலிமையும் அறிந்த தொழிலாளர்கள் ஒரு மாவட்டத் தலைநகரில் ஒருங்கே வாழ்ந்தது தமிழகத்தின் பிற ஊர்களுக்கு எளிதில் வாய்க்காத நிலை.

அன்றாட வாழ்க்கை புகைப்படத்துக்குள் வந்தது எல்லாவற்றுக்கும் பிந்தியே. 1888-இல் கோடாக், 1900-இல் பிரவுனி, 1925-இல் லைக்கா எனக் கைக்கு அடக்கமான கருவிகள் மேலைநாடுகளில் தெருவையும் வீட்டையும் படமாக்கத் தொடங்கிவிட்டன. ஓமலூர் போன்ற ஊர்களிலோ, படமெடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சமும் பணமின்மையும் சேர்ந்து, புகைப்படத்தை நெடுங்காலம் திருமணத்துக்கும் இறப்புக்கும் உரிய பொருளாகவே வைத்திருந்தன. நாட்காட்டியும் இதில் தலையிட்டது: மார்கழியில் திருமணம் இல்லை, ஆகவே படமெடுக்க ஏற்ற குளிர் நிலவிய மாதத்தில் ஸ்டூடியோவுக்கு வேலை குறைவு, தை பிறந்ததும் வேலை மிகுதி. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியவர்கள், மாலையணிந்து சபரிமலைக்குப் புறப்படும் முன் குழுவாக நின்று படமெடுத்துக்கொண்ட பக்தர்களும், பொங்கலுக்குப் புத்தாடை உடுத்திவந்த குடும்பங்களும் ஆவர். வதோதராவில் தயாரான ஆக்பா கிளிக் 3 போன்ற மலிவான கருவிகள் 1960-களிலும் 1970-களிலும் பரவிய பிறகே, சொந்தக் கருவியால் வீட்டு வாசலைப் படமெடுப்பது நடுத்தரக் குடும்பங்களுக்குச் சாத்தியமாயிற்று. அந்த எளிய ஆடியும் மந்தமான ஃபிலிமும் வெயிலைக் கேட்டன. எனவே விடியலின் மங்கிய ஒளியில் இடப்படும் மார்கழிக் கோலமும், சாணத்தில் செருகிய பூசணிப்பூவும், மூடாக்குப் போட்டுப் பால் கறக்கப் போகும் பெண்ணும் அப்போதும் படத்துக்கு வெளியிலேயே நின்றனர்.

வெளியில் நின்றவற்றுள் பெரியது இவ்வட்டாரத்தின் வெல்லத் தொழில். பொங்கலை ஒட்டிய வாரங்களில் ஓமலூர் வட்டாரத்துக் கரும்பாலைகளில் விடியும் முன்பே சாறு பிழிந்து, சக்கையால் எரியும் அடுப்பின் மீது அகன்ற கொப்பரையில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டி, சூடாறுமுன் உருண்டை பிடிப்பது வழக்கம். குளிர்ந்த காற்றில் கொப்பரையின் ஆவி தடித்து எழுவதும், அடுப்பின் செவ்வொளி அதன் அடியில் விளையாடுவதும் மார்கழி, தையில் மட்டுமே முழுமையாகக் காணக்கூடிய காட்சிகள். செவ்வொளியை உணராத பழைய தகடுகளால் இதைப் பதிந்திருக்கவே முடியாது. உணரக்கூடிய வேக ஃபிலிம் வந்த பின்னும், விலையுயர்ந்த ஒரு ஃபிலிம் சுருளைக் கரும்பாலைக்குச் செலவிட யாருக்கும் தோன்றவில்லை. இன்று குறைந்த ஒளியையும் தாங்கும் கைப்பேசிக் கருவிகள் எல்லோரிடமும் இருப்பதால், இருநூறாண்டு வரலாற்றில் முதன்முறையாக இச்சமவெளியின் பனிக்காலை அதற்குரிய பொழுதிலேயே படமாகிறது.

பழைய படங்களின் நிலை இவ்வளவு நம்பிக்கை தருவதாக இல்லை. டிரைப்பின் தொகுதிகள் பெரும்பாலும் வெளிநாட்டு நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் காக்கப்படுகின்றன. 2014-15-இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் அவருடைய படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. உள்ளூர் ஸ்டூடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்களும் ஃபிலிம்களும் ஈரத்தில் பூஞ்சை பிடித்தும், பழைய பொருள்களோடு எடைக்குப் போயும் அழிந்துவருகின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் படியெடுத்திருக்கிறது. எனினும் ஒரு நிறுவனத்தின் முயற்சி எல்லா ஊர்களையும் எட்டிவிட முடியாது. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பழைய கண்ணாடித் தகடோ நெகட்டிவோ வைத்திருப்போர், அவற்றைத் தண்ணீரில் கழுவாமலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவிடாமலும் தனித்தனித் தாளுறையில் இட்டு, உறையின் மேல் ஊரையும் ஆண்டையும், நினைவிருந்தால் தமிழ் மாதத்தையும் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும்.